தண்ணீரும் கொதிக்கிறது, மனிபோல்டும் சிவக்கிறது
வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது முப்பது வயதைக் கடந்த ஜப்பானியக் கார், 1.3 லீற்றர் கார்புரேற்றர் எஞ்சின், கையால் மாற்றும் கியர். மூன்று மாதங்களாகக் காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டியை அடைவதற்குள்ளேயே வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. கராஜில் முதலில் றேடியேற்றரைக் கழற்றி அடைப்பெடுத்தார்கள். பிறகு புதிய தண்ணீர்ப் பம்பு பூட்டினார்கள். அதன் பிறகு, இந்த நாட்டு வெயிலுக்கு இது தேவையில்லை என்று கூறித் தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டு, விசிறி எந்நேரமும் சுழலும்படி நேரடியாக இணைத்தார்கள். எதுவும் பயன் தரவில்லை. சென்ற மாதம் குடும்பத்துடன் அவிசாவளை வழியாக ஹற்றனுக்குச் சென்றபோது, கினிகத்தேனை ஏற்றத்தில், இரவு எட்டு மணியளவில் தண்ணீர் கொதித்து வழிந்தது. நிறுத்திப் பொனற்றைத் திறந்தால், எக்ஸோஸ்ற் மனிபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் இரும்புக் குழாய்த்தொகுதி) நான்கு கிளைகளும் கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பு போலச் சிவந்து கிடந்தது. முன்பு லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய கார் இப்போது 8 கூட ஓடுவதில்லை. இழுவையும் குறைந்துவிட்டது. எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கராஜ் பாஸ் சொல்கிறார். கழற்றலாமா? கார் தீப்பிடிக்கும் அபாயம் உண்டா? இதற்கு முன்னர் செய்த பெரிய வேலை என்றால், நான்கு மாதங்களுக்கு முன்னர் டைமிங் பெல்ட் மாற்றியது மட்டுமே.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஹெட்டை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதல் வரியாக வைத்துக் கராஜில் சொல்லியிருந்தால், றேடியேற்றருக்கும் பம்புக்கும் செலவழித்த பணம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம்.

சிலிண்டருக்குள் எரியும் பெற்றோலின் வெப்பம் மூன்று வழிகளில் வெளியேறுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிஸ்ரனைத் தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கைத் தண்ணீர் எடுத்துச் செல்கிறது. எஞ்சியது புகையோடு மனிபோல்ட் வழியே போகிறது. குறை றேடியேற்றரிலோ பம்பிலோ விசிறியிலோ மட்டும் இருந்தால் தண்ணீர் கொதிக்குமே தவிர, மனிபோல்ட் சிவக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. உங்கள் காரிலோ தண்ணீரும் கொதிக்கிறது, புகைவழியும் சிவக்கிறது, இழுவையும் குறைந்திருக்கிறது. வேலையாக மாற வேண்டிய வெப்பம் வேலையாகாமல் மற்ற இரண்டு வழிகளிலும் பாய்கிறது என்பதே இதன் பொருள். ஆகவே தேட வேண்டிய இடம் தண்ணீர் ஓடும் பாதை அன்று. நெருப்புப் பற்றும் நேரம்.

தீப்பொறி பிந்தினால் நடப்பதைப் பாருங்கள். சாதாரணமாகப் பிஸ்ரன் மேலுச்சியை அடைவதற்குச் சில பாகைகள் முன்னரே பிளக் பொறி விடும். எரிதல் பரவ நேரம் எடுப்பதால், பிஸ்ரன் உச்சியைத் தாண்டிக் கீழே திரும்பும் வேளையில் அழுத்தம் முழு அளவை எட்டும். பொறி பிந்திவிட்டால் பிஸ்ரன் கீழே ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் எரிதல் நடக்கிறது. அப்போது சிலிண்டர்ச் சுவரின் பெரும்பகுதி சுவாலைக்குத் திறந்து கிடப்பதால் தண்ணீருக்குப் போகும் வெப்பம் கூடுகிறது. எரிதல் முடிவதற்கு முன்னரே எக்ஸோஸ்ற் வால்வு திறப்பதால், இன்னும் தணியாத வாயு ஹெட்டுக்குள் இருக்கும் புகைவாயில் வழியே பாய்ந்து, அதைச் சூழ்ந்திருக்கும் தண்ணீரை மறுபடியும் சூடாக்கிவிட்டு மனிபோல்ட்டுக்குள் நுழைகிறது. இழுவை போதாமையால் நீங்கள் அக்சிலேற்றரை மேலும் மிதிக்கிறீர்கள், மேலும் பெற்றோல் எரிகிறது, மேலும் வெப்பம். 12 கிலோமீற்றர் 8 ஆகக் குறைந்த கணக்கு இங்கேதான் தீர்கிறது.

இரும்பு சிவப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தத் திடப்பொருளும் ஏறத்தாழ 525 பாகை செல்சியஸில் மங்கலாக ஒளிரத் தொடங்கும் என்பதை 1847 ஆம் ஆண்டிலேயே ஜோன் வில்லியம் டிரேப்பர் என்னும் அறிவியலாளர் காட்டியிருக்கிறார். அந்த மங்கல் சிவப்பு இருளில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பகல் வெளிச்சத்தில் தெரிவதற்கு அதைவிட நூறு பாகைக்கு மேலேனும் கூட வேண்டும். எனவே கினிகத்தேனையில்தான் மனிபோல்ட் முதன்முறையாகச் சிவந்தது என்று எண்ணிவிடாதீர்கள். காலி வீதியில் பட்டப்பகலில் அது அரைகுறையாகச் சிவந்திருந்தாலும் நீங்கள் கண்டிருக்க முடியாது. இன்னொரு புறம், நீண்ட ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு ஏறும் எஞ்சினில் மங்கிய சிவப்பு சிறிது நேரம் தோன்றினால் அதை மட்டும் வைத்துக் கோளாறு என்று கூறிவிட முடியாது. முழுப் பாரத்தில் பெற்றோல் எஞ்சினின் புகை 800 பாகையைத் தாண்டுவது வழக்கமே. நின்ற இடத்தில், வெறும் ஐடிலில் எஞ்சின் ஓடும்போது சிவந்தால் அது ஐயத்துக்கு இடமில்லாத கோளாறு. ஒரு நாள் இரவு வீட்டு வாசலிலேயே, விளக்கை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். வெப்பமானியின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர் உள்ளே இருக்கட்டும், வாசல் திறந்த வெளியாகவும் இருக்கட்டும்.

அடுத்தது டைமிங் லைட், தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் விளக்கு. விலை கூடிய கருவி அன்று. கார்புரேற்றர் காலத்துப் பாஸ்மார் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் வக்யூம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, முதலாம் சிலிண்டரின் பிளக் வயரில் கவ்வியைப் பூட்டி, பிஸ்ரன்கள் சுழற்றும் கிராங்க் சாப்ற்றின் கப்பியில் இருக்கும் கோட்டின் மீது ஒளியைப் பாய்ச்ச வேண்டும். எத்தனை பாகை என்பது பொனற்றுக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் அல்லது கைநூலில் இருக்கும். உங்கள் கார் தயாரான காலத்து எஞ்சின்கள் பலவற்றில் அது உச்சிக்கு 10 பாகை முன்னர் என்ற அளவை ஒட்டியே இருக்கும். பிறகு எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்று வரை உயர்த்தினால் அந்தக் கோடு மேலும் முன்னோக்கி நகர வேண்டும். நகராவிட்டால் டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. கடைசியாக வக்யூம் குழாயைத் திரும்பப் பூட்டும்போது கோடு ஒரு துள்ளல் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் உள்ளே இருக்கும் இறப்பர்த் தகடு கிழிந்திருக்கிறது. கருவி இல்லாவிட்டால், குழாயை டிஸ்ரிபியூற்றரிலேயே விட்டு, அதன் கார்புரேற்றர்ப் பக்கத்து முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் தகடு நலம். காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிசல். நான் வேலை பழகிய காலத்தில் இதுவே எங்கள் முதல் பாடம், பெற்றோல் சுவை அறிந்ததும் அன்றுதான்.

இனி டைமிங் பெல்ட்டுக்கு வருவோம். பெல்ட் பூட்டும்போது வால்வுகளைத் திறக்கும் கம் சாப்ற்றின் சக்கரம் ஒரே ஒரு பல் பிந்திப் பொருந்திவிட்டால், கிராங்கின் கணக்கில் அது ஏறத்தாழ 15 முதல் 20 பாகை வரை பிந்தியதாகும். டிஸ்ரிபியூற்றர் கம் சாப்ற்றிலிருந்தே ஓடும் எஞ்சின்களில் வால்வுகளும் பிந்தும், தீப்பொறியும் சேர்ந்து பிந்தும். உச்சிக்கு 10 பாகை முன்னர் விழ வேண்டிய பொறி, உச்சியைக் கடந்து 5 அல்லது 10 பாகைக்குப் பின்னர் விழும். அப்படி இருந்தும் கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும், பெல்ட் மாற்றிய நாளில் யாருக்கும் குறை தெரியாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது, தீப்பொறி அன்று. டைமிங் லைட்டைப் பிடித்த ஒருவர் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பித் திருப்பிக் கோட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட முடியும். தீப்பொறி சரியாகிவிடும், வால்வுகள் பிந்தியே இருக்கும், கார் பாதி குணமாகும், கோளாறு முழுவதும் மறைந்துகொள்ளும். ஆகவே கோட்டைத் திருத்துவதற்கு முன்னர் டிஸ்ரிபியூற்றரைப் பிடித்திருக்கும் ஆணியைப் பாருங்கள். அது நீளத் துவாரத்தின் நடுவை அண்டி நிற்க வேண்டும். சரியான பாகைக்கு வருவதற்கு அதைத் துவாரத்தின் ஒரு முனை வரை தள்ள வேண்டியிருந்தால், அல்லது முனையிலும் போதாமல் போனால், மேல் மூடியைக் கழற்றிக் கிராங்கின் குறியும் கம் சக்கரத்தின் குறியும் ஒரே நேரத்தில் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் வேறு எதையும் தொடக் கூடாது. அரை நாள் வேலை. ஹெட்டைக் கழற்றுவதோடு ஒப்பிட்டால் செலவே அன்று.

எஞ்சின் உறிஞ்சும் விசையை அளக்கும் வக்யூம் மீற்றரும் இதை உறுதிப்படுத்தும். கொழும்பு போன்ற கடல்மட்ட ஊரில் நலமான எஞ்சின் ஐடிலில் 18 முதல் 21 இரச அங்குலம் வரை காட்டும். பொறி பிந்தியிருந்தால் முள் அசையாமல் நின்றபடியே சில அங்குலம் குறைவாகக் காட்டும். வால்வு பிந்தியிருந்தால் இன்னும் கீழே, 15க்கும் குறைவாக நிற்கும். முள் துடித்தால் கதை வேறு, ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். ஹற்றனுக்குக் கொண்டுபோய் அளக்காதீர்கள். ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு ஓர் அங்குலம் வீதம் அளவு தானாகவே குறையும்.

டைமிங் எல்லா வகையிலும் சரியாக இருந்தால் மட்டும் கலவையைப் பாருங்கள். பெற்றோல் குறைந்து காற்றுக் கூடிய கலவை மெதுவாக எரிவதால் அதுவும் புகைவழியைச் சிவக்க வைக்கும். பிளக்கின் முனை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தால் கார்புரேற்றருக்கு அடியிலோ, கலவை உள்ளே போகும் இன்ரேக் மனிபோல்ட்டிலோ காற்றுக் கசிவைத் தேடுங்கள். கரி பிடித்துக் கறுத்திருந்தால் அதற்கு மாறு. பாலில் தேயிலைச் சாயம் கலந்த நிறமாக இருந்தால் கலவையை விட்டுவிடலாம். நான்கு கிளைகளும் சிவந்தன என்று நீங்கள் எழுதியிருப்பது முக்கியமான சாட்சி. ஒரு கிளை மட்டும் சிவந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் எக்ஸோஸ்ற் வால்வு எரிந்திருக்கிறதா, அதன் இடைவெளி இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன்.

ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் காஸ்கட் பழுதோ என்ற ஐயத்தை ஒதுக்குவதற்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, முதல் இரண்டு நிமிடங்களில் தண்ணீருக்குள் இடைவிடாமல் குமிழ்கள் எழுகின்றனவா என்று பாருங்கள். றேடியேற்றர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவமும் கிடைக்கிறது. தண்ணீருக்குள் புகை கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். இத்தனை மாதம் கொதித்த எஞ்சினில் காஸ்கட் இப்போது பழுதாகியிருக்கவும் கூடும். ஆனாலும் அது விளைவு. மூலத்தைத் திருத்தாமல் புதிய காஸ்கட் போட்டால் அதுவும் எரியும்.

தேர்மோஸ்ரற்றை உடனே திரும்பப் பூட்டுங்கள். வெப்ப நாட்டுக்கு அது தேவையில்லை என்ற பேச்சை நான் நாற்பது ஆண்டுகளாகக் கேட்கிறேன். கேட்கும் ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. அது குளிர்நாட்டுக்காரர்களுக்குச் செய்த கணப்புச் சாதனம் அன்று. எஞ்சினைத் தனக்குரிய வெப்பத்தில், பெரும்பாலும் 82 பாகைக்கு மேல், நிறுத்துவதே அதன் வேலை. பல எஞ்சின்களில் அதற்கு இரண்டாவது வேலையும் உண்டு: முழுதாகத் திறக்கும்போது, றேடியேற்றருக்குப் போகாமல் தண்ணீர் உள்ளேயே சுற்றும் குறுக்குவழியை அது மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி எந்நேரமும் திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி றேடியேற்றரைக் காணாமலேயே திரும்பிவிடும். குளிர்விக்க எண்ணிச் செய்தது சூட்டைக் கூட்டுகிறது. விசிறியை நேரடியாக இணைத்ததனால் தீங்கு பெரிதில்லை, அதன் மோட்டாரின் ஆயுள் குறையும், அவ்வளவே. றேடியேற்றர் மூடியையும் ஒரு முறை பாருங்கள், 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி தண்ணீரின் கொதிநிலையை 120 பாகை அளவுக்கு உயர்த்துகிறது. மூடி தளர்ந்துவிட்டால் ஹற்றன் உயரத்தில் வெறும் தண்ணீர் 96 பாகையிலேயே கொதிக்கும்.

தீ அபாயம் பற்றிக் கேட்டீர்கள். உண்டு. சிவந்த மனிபோல்ட்டுக்கு ஒரு சாண் தொலைவில் கார்புரேற்றரும் முப்பது வயதுப் பெற்றோல் குழாயும் இருக்கின்றன. பெற்றோல் கசிந்து அதன் மீது சொட்டினால் பற்றிக்கொள்ள வேறு பொறி தேவையில்லை. குழாயை இந்த வாரமே மாற்றுங்கள், கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் மீற்றர் கணக்கில் கிடைக்கும். பெற்றோலுக்கு உரிய குழாய் என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர்க் குழாயை வெட்டித் தந்துவிடுவார்கள். மறுபடியும் வழியில் சிவந்தால் காய்ந்த புல் இல்லாத இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஆறும் வரை காத்திருங்கள். மனிபோல்ட் மீது தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும். றேடியேற்றர் மூடியையும் சூட்டில் தொடாதீர்கள்.

கேள்வி: எனது கார் 2014 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, கார்புரேற்றர் இல்லை. இரண்டு வாரங்களாக எஞ்சின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது, எஞ்சின் உதறுகிறது. நேற்றிரவு நிறுத்திய பின்னர் முன் இருக்கைக்குக் கீழே, நிலத்தில் செந்நிற ஒளி விழுவதைக் கண்டு பயந்துபோனேன். உள்ளே இருக்கும், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் ஒட்டிவிடலாம், அதை வாங்கிக்கொள்ளவும் ஆள் இருக்கிறது என்று ஒருவர் கூறுகிறார். செய்யலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும், அம்மா, அதற்குள் பிளற்றினமும் பலேடியமும் ரோடியமும் இருக்கின்றன. அந்த ஆலோசனையில் இலாபம் யாருக்கு என்பது விளங்கியிருக்கும்.

மினுக்காமல் எரியும் எஞ்சின் விளக்கு வேறு, மினுக்கும் விளக்கு வேறு. மினுக்கினால், ஒரு சிலிண்டர் எரியாமல் பெற்றோலை அப்படியே வெளியேற்றுகிறது, அது கொன்வேர்ட்டரைச் சேதப்படுத்துகிறது, நிறுத்து என்று பொருள். எரியாத பெற்றோல் கொன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. 400 முதல் 800 பாகைக்குள் வேலை செய்ய வேண்டிய அந்தப் பாகம் அதற்கும் மேலே சூடேறி, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைபடுகிறது. அடைபட்டால் புகை போக வழியின்றி எஞ்சினுக்குள்ளேயே தேங்கும். பிறகு உங்களுக்கும் மேலேயுள்ள வாசகருக்கும் ஒரே நோய்தான், தண்ணீரும் கொதிக்கும்.

முதலில் உதறலைத் தீருங்கள்: கோளாறுக் குறியைக் கருவியில் படிக்கச் சொல்லி, எந்தச் சிலிண்டர் என்று அறிந்து, பிளக்குக்கு மின்சாரம் தரும் அதன் கொயிலை அடுத்த சிலிண்டரின் கொயிலோடு இடம் மாற்றிப் பாருங்கள். குறியும் இடம் மாறினால் கொயில்தான்; மாறாவிட்டால் பிளக், அதன் பின்னர் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்ரர். உதறல் தீர்ந்த பிறகு கொன்வேர்ட்டருக்கு முன்னால் உள்ள ஒட்சிசன் சென்சரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானி பூட்டி, 2500 சுற்றில் அளக்கச் சொல்லுங்கள். அளவு சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தலைத் தாண்டினால் அடைப்பு உறுதி, புதியது போட வேண்டும். தாண்டாவிட்டால் அதைத் தொட வேண்டியதில்லை. வெட்டி எடுத்தால் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன்னர் செய்யும் புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரலாம். உதறல் தீரும் வரை காரை ஓட்டாதீர்கள். இருக்கைக்கு அடியில் விரித்திருக்கும் கம்பளத்தையும் தூக்கிக் கருகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எஞ்சின் சூடேறுவதைக் குறைக்க 92க்குப் பதிலாக 95 ஒக்டேன் பெற்றோல் அடிக்கலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: ஒக்டேன் எண் பெற்றோலின் வெப்பத்தைக் காட்டும் எண் அன்று, அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவது. 92க்கு அமைத்த எஞ்சினில் 95 அடிப்பதால் முள் ஒரு கோடு கூடக் கீழே இறங்காது. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: ஏற்றத்தில் எஞ்சின் கலகலவென்று தட்டுகிறது என்று முன்பு எப்போதாவது முறையிட்டீர்களா? அப்போது சில பாஸ்மார் டிஸ்ரிபியூற்றரைச் சற்றுப் பின்னே திருப்பித் தட்டலை நிறுத்திவிடுவார்கள். உங்கள் காரிலும் அப்படி நடந்திருந்தால், வெள்ளவத்தை வாசகருக்குச் சொன்ன டைமிங் லைட் சோதனையை நீங்களும் செய்வியுங்கள். 95க்குக் கூடுதலாகக் கொடுக்க இருந்த பணம் அதற்குப் போதும்.